ஜார்ஜ்டவுன் சுவரோவியங்கள்: மங்கிப்போனதை மறுபடி வரையலாமா?

சடக்கோரம்:

போன மாதம் மூன்று நாள் மலேசியாவின் பினாங்கில் இருந்தேன். ஜார்ஜ்டவுனுக்கு இதற்கு முன்பு எத்தனையோ முறை போயிருக்கிறேன், ஆனால் எப்போதும் நாசி கண்டார் சோறு சாப்பிட்டுவிட்டு, கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிவிடுவேன். இந்த முறை சுவரோவியங்களுக்காகவே போனேன்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஆர்மீனியன் தெரு. அக்காவும் தம்பியும் சைக்கிளில் போகும் அந்தப் படம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், அக்கா ஓட்டுகிறாள், தம்பி பின்னால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து கத்துகிறான், சைக்கிள் மட்டும் நிஜ சைக்கிள், சுவரோடு சேர்த்துப் பொருத்தியது. படத்துக்கு முன்னால் இருபது முப்பது பேர் வரிசை. ஒருவர் பின் ஒருவராகப் போய் சைக்கிளைத் தொட்டுக்கொண்டு நின்று படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். நானும் எடுத்தேன். எடுத்துவிட்டு நகர்ந்தபோது, இவ்வளவு தூரம் வந்து இதைப் பார்த்தேனா இல்லையா என்றே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு அதே இடத்துக்குப் போனேன். ஆள் இல்லை. வெயில் இன்னும் தெருவுக்குள் இறங்கவில்லை. அப்போதுதான் கவனித்தேன், படம் பாதி போய்விட்டது. அங்கங்கே சாயம் பொரிந்து உதிர்ந்திருக்கிறது, பின்னாலிருந்து சுவரின் பழைய நிறம் எட்டிப் பார்க்கிறது. அரை மணி நேரம் அங்கேயே நின்றேன். மங்கிப்போன அந்தப் படம்தான் எனக்கு முழுசாகப் பிடித்தது.

தெரியாதவர்களுக்கு: 2012-ல் ஜார்ஜ்டவுன் விழாவுக்காக லிதுவேனியாவைச் சேர்ந்த எர்னஸ்ட் சக்கரேவிச் என்ற இளைஞர் இந்தத் தொடரை வரைந்தார். அவருக்கு அப்போது இருபத்தைந்து, இருபத்தாறு வயதுதான். ஆ குவீ தெருவில் பழைய மோட்டார் சைக்கிள் மேல் உட்கார்ந்த பையன், கேனன் தெருவில் நாற்காலி மேல் ஏறிச் சுவரிலுள்ள துளையை எட்டிப் பிடிக்கப் பார்க்கும் பையன், முந்த்ரி தெருவில் இரண்டு ஜன்னல் விளிம்புகளில் கையை ஊன்றி எம்பும் நீலச் சட்டைச் சிறுமி, பினாங்கு ரோட்டில் தன் சைக்கிள் ரிக்‌ஷாவிலேயே சாய்ந்திருக்கும் திரிஷாக்காரர், எல்லாம் அவர் வரைந்தவை.

என் கேள்வி இதுதான். இவை மங்கிக்கொண்டே போகின்றன. மறுபடி வரைய வேண்டுமா, அப்படியே விட்டுவிட வேண்டுமா? எனக்கு விட்டுவிடலாம் என்றுதான் தோன்றுகிறது. அங்கேயே இருப்பவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கிட்டங்கி:

நான் அங்கேயே பிறந்தவன். மறுபடி வரைவது பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அதற்கு முன்னால் நீங்கள் பட்டியலில் விட்ட ஒரு படம் இருக்கிறது. ஸ்டூவர்ட் சந்தில், குவான் யின் கோயிலுக்குப் பின்பக்கம், ஒரு பெரிய சுவர் முழுக்க ஒரு கிழவர் படகில் இருக்கிறார். முகத்தைப் பார்த்தாலே நம் ஊர்க்காரர் என்று தெரியும். இந்தியப் படகுக்காரர் என்றே அந்தப் படத்துக்குப் பெயர். யூலியா வோல்ச்கோவா என்ற ரஷ்யப் பெண் வரைந்தது.

சந்துக்குள்ளே படகு எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கொஞ்சம் தள்ளி நடந்தால் கிங் தெரு வரும். என் தாத்தா அதை ஒருநாளும் கிங் தெரு என்று சொன்னதில்லை, படகுக்காரத் தெரு என்பார். பினாங்கு தெருவுக்குக் கிட்டங்கித் தெரு, செட்டியார்கள் கொடுக்கல் வாங்கல் நடத்திய கிட்டங்கிகள் அங்கே இருந்ததால். மார்க்கெட் தெருவுக்குக் கடைத்தெரு. கப்பல் கரைக்கு வர முடியாத காலத்தில் தூரத்தில் நின்ற கப்பலிலிருந்து சாமானை இறக்கிப் படகில் கொண்டுவந்தவர்களில் பெரும்பங்கு சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்கள். 1786-ல் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கிய கொஞ்ச காலத்திலேயே நம் ஆட்கள் வந்துவிட்டார்கள். 1801-ல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், 1833-ல் குவீன் தெரு மகா மாரியம்மன் கோயில். சூலியா தெரு என்ற பெயரே தமிழ் முஸ்லிம்களைக் குறித்து வந்ததுதான்.

இன்னொன்று, பீச் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது, அங்கே போய் நின்றால் கடல் தெரியாது. 1880-களில் கடலைத் தூர்த்து வெல்ட் கீ சாலையைப் போட்டார்கள், அதுவரைக்கும் பீச் தெருதான் கடற்கரை. அதைத் தாண்டிக் கடல் பக்கம் நீளும் துண்டுத் தெருக்களை இன்றும் காட் என்பார்கள், காட் லெபோ சூலியா, காட் லெபோ ஆர்மீனியன் என்று (லெபோ என்றால் மலாயில் தெரு). நம் ஊர் படித்துறைக்கு வடக்கே சொல்வார்களே காட் என்று, அதே சொல்.

அந்தப் படகுக்காரர் முன்னால் நிற்கும்போதெல்லாம் என் தாத்தாவின் பேச்சுதான் ஞாபகம் வருகிறது. அந்தப் படம் அழியக் கூடாது என்று நினைக்கிறேன். அழிந்தால் திரும்ப வரைய வேண்டும். நம் ஆட்கள் இங்கே என்ன வேலை செய்தார்கள் என்று அந்தத் தெருவில் சொல்வதற்கு வேறு எதுவும் இல்லை.

வைகைக்கரை:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மதுரையிலிருந்து டிசம்பரில் அம்மாவை அழைத்துக்கொண்டு போகிறேன். அம்மாவுக்கு அறுபத்தெட்டு, முட்டி வலி. எவ்வளவு நடக்க வேண்டியிருக்கும்? வெயில் எப்படி? ஒரு நாளில் முடியுமா?

அஞ்சடி:

வைகைக்கரை, தாராளமாக அழைத்து வாருங்கள். யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக 2008 ஜூலையில் அறிவித்த பகுதியின் மையம் 109 ஹெக்டேர்தான், அதற்குள்ளேதான் பெரும்பாலான படங்கள். இலவசமாக ஓடும் கேட் பஸ் ஒன்று இந்தப் பகுதியைச் சுற்றி வருகிறது, முட்டி வலித்தால் அதில் ஏறிக்கொள்ளலாம்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்கப் பார்க்காதீர்கள். காலை ஏழரையிலிருந்து பத்து வரை ஒரு சுற்று, பிறகு அறைக்குப் போய்விடுங்கள், சாயங்காலம் ஐந்துக்குமேல் இன்னொரு சுற்று. நடுப்பகலில் வெயில் சுவரில் நேராக விழுந்து கண் கூசும், படமும் தெரியாது.

நடக்கும்போது சடக்கில், அதாவது சாலையில், நடக்காதீர்கள், அஞ்சடியில் நடங்கள். கடைவீடுகளின் முன்னால் கூரைக்குக் கீழே ஐந்தடி அகலத்துக்கு நடைபாதை விட்டிருப்பார்கள், மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க. நம்மவர்கள் அஞ்சடி என்போம், ஹொக்கியன் பேசும் சீனர்களும் அவர்கள் பாஷையில் அதையேதான் சொல்வார்கள். தரை சில இடத்தில் படி ஏறி இறங்கும், அம்மா கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அஞ்சடியில் நடந்தால் படம் மட்டுமல்ல, கதவுகளில் தீட்டிய சீனக் காவல் தெய்வங்கள், செதுக்கிப் பொன் பூசிய பெயர்ப்பலகைகள், ஊதுவத்திப் புகை படிந்து கறுத்த சுவர் எல்லாம் கண்ணில் படும். இந்த ஊரில் சக்கரேவிச்சுக்கு நூறு வருடம் முன்பிருந்தே சுவரிலும் கதவிலும் வரைந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

அப்புறம் இரும்புக் கம்பிப் படங்கள். சுவரோவியத்தையே தேடி வருபவர்கள் இவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கு வருத்தமாக இருக்கும். 2009-ல் மாநில அரசு ஒரு போட்டி வைத்தது, மரபுப் பகுதியைத் தெருக்கலையால் அடையாளப்படுத்துவது எப்படி என்று. அதில் தேர்வான குழு உள்ளூர்க் கேலிச்சித்திரக்காரர்களைக் கொண்டு வரையவைத்து, கம்பியை வளைத்து 52 படங்களைச் சுவர்களில் மாட்டியது. ஒவ்வொன்றும் அந்தந்தத் தெருவின் கதை. கேனன் தெருவில் ஒரு பீரங்கிப் படம் இருக்கும். 1867 கலவரத்தில் பீரங்கிக் குண்டு விழுந்து துளை உண்டானதால்தான் தெருவுக்கே அந்தப் பெயர். லவ் லேனில் மனைவிக்குத் தெரியாமல் மேல்மாடியிலிருந்து நழுவும் கணவன். இவற்றைப் படித்துக்கொண்டே நடந்தால் தெருவின் சரித்திரம் பாதி தெரிந்துவிடும்.

பூனை பிடிக்குமா அம்மாவுக்கு? 2013-ல் தெரு விலங்குகளுக்காகச் சில ஓவியர்கள் சேர்ந்து 101 தொலைந்த பூனைக்குட்டிகள் என்ற பெயரில் வரைந்த தொடர் ஒன்று உண்டு. ஆர்மீனியன் தெருவை ஒட்டித் தேடிப் பாருங்கள், எத்தனை மிச்சமிருக்கிறது என்று எனக்குச் சொல்லுங்கள்.

சுண்ணாம்பு:

பழைய கடைவீடுகளைப் பழுதுபார்க்கும் வேலையில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். மறுபடி வரையலாமா என்று கேட்பதற்கு முன்னால் ஏன் உதிர்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். சிமெண்ட் கிடையாது. கடல் பக்கத்து நிலம், தண்ணீர் மட்டம் மேலேயே இருக்கும், அடியிலிருந்து ஓதம் ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும், வெயில் பட்டால் காய்ந்துவிடும், சுவர் நூறு வருடம் நிற்கும். அதன் மேல் இன்றைய பிளாஸ்டிக் வகைப் பெயிண்டைப் பூசினால் வாசலை அடைத்த மாதிரி. ஈரம் உள்ளேயே நிற்கும், உப்புப் பூக்கும், பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பி உதிரும். சாயம் மட்டும் உதிர்ந்தால் பரவாயில்லை, கீழே இருக்கும் காரையையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு விழும்.

மூன்று வருடம் முன்பு ஒரு தங்கும் விடுதிக்காரர் என்னைக் கூப்பிட்டார். பக்கச் சுவரில் பெரிய படம் வரையவைத்திருந்தார், வரைவதற்கு முன்னால் சுவர் சீராக இருக்கட்டும் என்று சிமெண்ட் பூசிவிட்டார்கள். இரண்டு மழைக்காலம் தாங்கவில்லை. படத்தின் கால் பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. கொத்திப் பார்த்தால் உள்ளே செங்கல் மாவாக இருந்தது, விரலால் சுரண்டினால் வருகிறது. அந்தச் சுவர் ஏறக்குறைய நூற்றிருபது வருடம் நின்ற சுவர். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

நிறம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லெய்த் தெருவில் சியோங் ஃபாட் சே மாளிகையைப் பாருங்கள். அந்த நீலம் சுண்ணாம்பில் அவுரியைக் கலந்து அடித்தது, நம் நாட்டு அவுரி. பழைய முறையிலேயே அதை மீட்டெடுத்தார்கள், 2000-ல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. அந்த நீலமும் மங்கும், ஆனால் சுவரைக் கொல்லாது, மறுபடி அடித்துக்கொள்ளலாம்.

என் பதில்: மங்கினால் மங்கட்டும். ஒரு படத்துக்குமேல் இன்னொரு பூச்சு ஏற்றிக்கொண்டே போனால் கடைசியில் சுவர்தான் போகும். கிட்டங்கி அண்ணன் வருத்தப்படுவது புரிகிறது. ஆனால் அந்தப் படகுக்காரர் உட்கார்ந்திருப்பதே அந்தச் சுவர் மேல்தானே.

பட்டர்வொர்த்_அக்கா:

எல்லாரும் சுவரைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்தச் சுவருக்குப் பின்னால் குடியிருந்தவர்களைப் பற்றி யாராவது சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன்.

நான் ஆர்மீனியன் தெருவிலிருந்து இரண்டு சந்து தள்ளி வளர்ந்தவள். கீழே சீனர் ஒருவரின் தகரக் கடை, மேலே நாங்கள் நாலு குடும்பம். 1966-ல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போருக்கு முந்தைய கட்டடங்களுக்கு வாடகையை ஏற்ற விடாமல் வைத்திருந்தது, அதனால்தான் எங்களை மாதிரி ஆட்கள் பட்டணத்துக்குள் இருக்க முடிந்தது. வீட்டுக்காரருக்கும் இடிக்க வழியில்லாமல் போனது, அதனால்தான் கட்டடங்களும் மிஞ்சின. 2000 ஜனவரி முதல் தேதி அந்தப் பாதுகாப்பு முடிந்தது. எங்கள் வாடகை ஒரேயடியாக ஐந்து மடங்கு கேட்டார்கள். அப்பா நாலு மாதம் இழுத்துப் பார்த்தார், பிறகு ஃபெர்ரி ஏறி இந்தப் பக்கம் பட்டர்வொர்த்துக்கு வந்துவிட்டோம். எங்கள் சந்தில் அந்த ஒரு வருடத்தில் பாதி வீடு காலி. சில வீடுகளில் ஜன்னலை அடைத்துவிட்டு உழவாரக் குருவி வளர்த்தார்கள், அதன் கூட்டைச் சாப்பிடுவார்கள், நல்ல விலை.

2008-ல் யுனெஸ்கோ, 2012-ல் படங்கள். படங்கள் வந்ததால்தான் வீடு போனது என்று சிலர் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன், அது சரியில்லை, நாங்கள் போய்ப் பன்னிரண்டு வருடம் கழித்துதான் படம் வந்தது. ஆனால் காலியான தெருவில் குழந்தைகள் விளையாடுகிற மாதிரி வரைந்திருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்குத் தாங்காது. முதல் முறை பார்த்தபோது அழுதுவிட்டேன். அந்தச் சைக்கிள் மாதிரி ஒன்றில்தான் என் தம்பியைப் பின்னால் வைத்து அதே தெருவில் ஓட்டுவேன்.

இன்னும் அங்கே இருக்கிற ஒன்றிரண்டு குடும்பங்களுக்குப் படம் தொல்லையாகவும் இருக்கிறது. என் சிநேகிதி வீட்டு வாசலில் ராத்திரி பத்து மணிக்கும் ஆள் நிற்கும், உள்ளே சாமி கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள், ஜன்னல் வழியாகக் கேமராவை நீட்டுவார்கள். வைகைக்கரை தம்பி, நீங்கள் போனால் இதை மட்டும் கவனத்தில் வையுங்கள்.

சடக்கோரம்:

அக்கா, இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் எதுவும் எழுத முடியவில்லை. மங்கியது அழகாக இருக்கிறது என்று நான் எழுதியதை இப்போது திரும்பப் படித்தால் எனக்கே சங்கடமாக இருக்கிறது. நீங்கள் சொல்லுங்கள், மறுபடி வரைய வேண்டுமா?

பட்டர்வொர்த்_அக்கா:

சங்கடப்பட எதுவும் இல்லை, நன்றாகத்தான் எழுதியிருந்தீர்கள். மறுபடி வரைகிற காசில் அந்தத் தெருவில் வாடகைக்கு நாலு குடும்பத்தை வைக்க வழி பார்க்கலாம். குழந்தைகள் அங்கே நிஜமாகவே ஓடட்டும். படம் இருந்தாலும் சரி, போனாலும் சரி.

பாலோங்:

ஈப்போவிலிருந்து. எங்கள் ஊரிலும் சக்கரேவிச் 2014-ல் வந்து வரைந்தார், ஒரு வெள்ளைக் காப்பி நிறுவனத்தின் ஏற்பாட்டில். காப்பிக் கோப்பையோடு ஒரு பெரியவர், காகித விமானத்தில் இரண்டு பிள்ளைகள், ஹம்மிங் பறவை எல்லாம் பழைய நகரத்தில் இருக்கின்றன. அதன் பிறகு யார் யாரோ வரைந்தார்கள், இப்போது எந்தச் சந்துக்குள் போனாலும் சுவரில் சிறகு வரைந்து நடுவில் ஆள் நிற்க இடம் விட்டிருக்கிறார்கள். எந்த ஊரிலும் வரையக்கூடிய படம் அது. சக்கரேவிச்சின் பினாங்குப் படங்களை அந்தச் சுவரிலிருந்து பிரித்து எடுக்க முடியாது, நீலச் சட்டைச் சிறுமிக்கு அந்த இரண்டு ஜன்னல்கள் வேண்டும், நாற்காலிப் பையனுக்கு அந்தத் துளை வேண்டும். இருக்கிற சுவரைப் பார்த்துவிட்டு அப்புறம் வரைந்தவர் அவர். அடுத்து வந்தவர்கள் அந்த ஒன்றை மட்டும் கற்றுக்கொள்ளவில்லை.

அழிப்பதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதால் இதையும் சொல்கிறேன். 2013-ல் ஜொகூர் பாருவில் அதே ஆள் ஒரு சுவரின் மூலையில் லெகோ பொம்மை மாதிரி ஒரு பெண்ணை வரைந்தார், மூலைக்கு அந்தப் பக்கம் கத்தியோடு ஒரு வழிப்பறிக்காரன். ஊருக்குக் கெட்ட பெயர் என்று நகராண்மைக்காரர்கள் சில நாளிலேயே வெள்ளை அடித்துவிட்டார்கள். மழை அழிப்பது வேறு, இப்படி அழிப்பது வேறு. முதலாவதை ஏற்றுக்கொள்வேன், இரண்டாவதை ஏற்க மாட்டேன்.

கிட்டங்கி:

சுண்ணாம்பு தம்பி சொன்னதை யோசித்துப் பார்த்தேன். சரி, அதே சுவரில் ஏற்ற வேண்டாம். ஆனால் பெயரையாவது எழுதி வைக்கலாம் இல்லையா? கிங் தெருப் பெயர்ப்பலகைக்குக் கீழே படகுக்காரத் தெரு என்று தமிழில் ஒரு வரி. அதற்குச் சாயமும் வேண்டாம், காரையும் உதிராது.

சுண்ணாம்பு:

அண்ணே, அதற்கு நான் முழு ஆதரவு. ஆணி அடிக்கும்போது மட்டும் என்னைக் கூப்பிடுங்கள், செங்கல்லில் அடிக்காமல் சாந்தில் அடிக்கச் சொல்லித் தருகிறேன்.

வைகைக்கரை:

போய்விட்டு வந்தோம். எல்லாருக்கும் நன்றி, முக்கியமாக அஞ்சடி.

காலை ஏழரைக்கே கிளம்பினோம். சைக்கிள் படத்துக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேர்தான். அம்மா அதிகம் பேசவில்லை, அந்தப் பையனின் வாயைப் பார்த்து, "விழுந்துருவோம்னு கத்துறான்" என்றார்கள். அக்கா எழுதியதை ஹோட்டலிலேயே அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருந்தேன், அதனால் ஜன்னல் பக்கம் போகவே விடவில்லை. பூனைகளில் இரண்டுதான் எங்கள் கண்ணில் பட்டன, ஒன்றில் காது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

ச்சூ ஜெட்டிக்கும் போனோம். கடலுக்குள் கால் ஊன்றிக் கட்டிய வீடுகள், பலகைப் பாதை, அம்மாவுக்கு முதலில் பயம், பிறகு பிடித்துப்போனது. அங்கே சக்கரேவிச் வரைந்த படகுப் பிள்ளைகள் படம் இருந்ததாக எங்கோ படித்திருந்தேன், பலகையில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை, உப்புக்காற்று தின்றுவிட்டது போல.

ஸ்டூவர்ட் சந்துக்குச் சாயங்காலம் போனோம். படகுக்காரரைப் பார்த்ததும் அம்மா நின்றுவிட்டார்கள். எதிரே அஞ்சடியில் ஒரு சீனப் பெரியவர் உட்கார்ந்திருந்தார், அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு எழுந்து தன் பிளாஸ்டிக் நாற்காலியை நகர்த்திப் போட்டார். அம்மா அதில் உட்கார்ந்து, இருட்டுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர் படத்தைக் காட்டி மலாயில் என்னவோ சொன்னார், எனக்குப் புரிந்தது "டத்தோ" என்ற ஒரு சொல்தான். கிட்டங்கி ஐயா, அதற்கு என்ன அர்த்தம்?

கிட்டங்கி:

பட்டத்துக்கும் அந்தச் சொல் உண்டு தம்பி. ஆனால் அவர் சொன்னது அநேகமாக "டத்தோக்", தாத்தா என்று அர்த்தம்.